தொண்ணூற்றாறாவது நிமிடம்

7

மாரிச்செல்வம் தன் பத்தொன்பது வருட வாழ்க்கையை மேசைமேல் வைத்தார். இரண்டரைக் கிலோ இருக்கும்.

பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய ஃபைல். உள்ளே சான்றிதழ்கள், சால்வையோடு எடுத்த படங்கள், எம்.எல்.ஏ.வோடு கைகுலுக்கிய படங்கள், எம்.எல்.ஏ. வராததால் அவருடைய மச்சானோடு கைகுலுக்கிய படங்கள். முதல் பக்கத்தில் தங்க எழுத்தில், ‘நேர்மையின் விசில்’. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று அருண்பாண்டி கேட்டான். அச்சகத்துக்காரர் என்று பதில் வந்தது.

“நாலு மணிக்கு விசாரணை, இத்தா,” என்றார் மாரிச்செல்வம். “நாலரைக்கு நான் ரெஃப்ரி இல்ல. ஆயுசுக்கும் விசில் தொட முடியாது.”

‘இத்தா’, அதாவது அக்கா, என்று ஊரே கூப்பிடும் சுலைஹா சாயா கிளாஸைத் தள்ளி வைத்தார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் விசாரணை அதிகாரி. தன் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கண்ணீர் என்றாலே முதலில் மண்ணெண்ணெய் வாசனையைத் தேடும் சுபாவம் வந்துவிட்டது.

விவகாரம் இதுதான். போன மாதம் லீக் அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று சமநிலை. தொண்ணூற்றாறாவது நிமிடத்தில் நடுவர் மாரிச்செல்வம் ஒரு பெனால்டி ஊதினார். கோல். தோற்ற அணி அழுதது, ஜெயித்த அணிக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. லஞ்சம் என்று பேச்சு கிளம்பியது. மேற்குக் கொச்சி கால்பந்து நடுவர் பேரவை விசாரிக்கும் என்று அதன் தலைவர் கேசவ் அறிவித்தார். பெயருக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டார். மஜீத், மிளகு வியாபாரி. ஆட்டத்துக்கு முந்தின நாள் மாரிச்செல்வம் ஒரு சாயாக்கடையில் பொட்டலம் வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர். ‘பந்து வட்டமா சதுரமா என்றுகூட எனக்குத் தெரியாது, எனக்கு யார்மேலும் விரோதம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“வாங்கினீங்களா?” என்றார் சுலைஹா.

“என் மகள் மேல சத்தியமா இல்ல.”

“மகளை விடுங்க, பாவம், ஸ்கூலுக்குப் போயிருக்கும். வாங்கினீங்களா?”

“இல்ல.”

“பெனால்டி கரெக்டா சார்?” என்று கேட்டான் அருண்பாண்டி.

மாரிச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மைதானத்துல நடுவரோட தீர்ப்பே இறுதியானது.”

“இது பதிலா, இல்ல வாசல்ல மாட்டுற போர்டா?”

அருண்பாண்டி திருமங்கலத்துக்காரன். முப்பத்து நான்கு வயது. கொச்சியில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தவன். கள்ளக் கணக்கு எழுதிய முதலாளியை சுலைஹாவிடம் காட்டிக்கொடுத்ததில் அந்த வேலை போய் இந்த வேலை வந்தது. தமிழர்களைப் ‘பாண்டி’ என்று நக்கலாகக் கூப்பிடும் ஊரில், தெருவில் யாராவது அப்படிக் கத்தினால் தன்னைத் திட்டுகிறார்களா, கூப்பிடுகிறார்களா என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துத் திரும்பிப் பார்ப்பான்.

ஃபைலின் கடைசிப் பக்கத்தில் புதுப் படம் ஒன்று. செம்மண் ஓடுபாதையில் ஒருவர் ஓடுகிறார், பின்னாலிருந்து எடுத்தது. கறுப்பு டவுசர், முதுகில் எண் 11. கீழே, ‘பிப்ரவரி உடற்தகுதிப் பரிசோதனை: நாற்பதுக்கு நாற்பது’.

“இது என்ன நாற்பது?”

“எழுபத்தஞ்சு மீட்டர் ஓட்டம், பதினஞ்சு செகண்டுக்குள்ள. அப்புறம் இருபத்தஞ்சு மீட்டர் நடை. விசில் அடிச்சா மறுபடி ஓட்டம். நாற்பது தடவை. ஒண்ணு குறைஞ்சாலும் அந்த வருஷம் ஆட்டம் கிடையாது, இத்தா. நாற்பத்தோரு வயசுல முடிச்சிருக்கேன்.” இதைச் சொல்லும்போது அவர் படத்தைப் பார்க்கவில்லை.

“சரி. சாட்சி மஜீத்தைப் பார்த்துட்டு வரேன்.”

“ஐயோ, அது மட்டும் வேண்டாம்!” நாற்காலி கிறீச்சிட்டது. “சாட்சியைக் கலைச்சோம்னு ஆயிடும். நீங்க கேசவ் சாரோட பழைய பகை ஏதாவது இருக்கான்னு பாருங்க. மஜீத் யாருன்னே எனக்குத் தெரியாது.”

சுலைஹா தலையாட்டினார். “ஒண்ணு சொல்லிடறேன். எங்கிட்ட பொய் சொன்னா, அதை ஊருக்கு முதல்ல சொல்றது நானாத்தான் இருப்பேன். ஃபைலை இங்கயே வச்சிட்டுப் போங்க.”

அவர் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் அருண்பாண்டி, “எங்க போறோம் இத்தா?” என்றான்.

“போகாதேன்னாரே, அங்க.”

* * *

பஜார் ரோட்டில் பதினொரு மணிக்குச் சுக்கும் மிளகும் வேர்வையும் ஒன்றாக நாறும். கைவண்டிகளுக்கு நடுவே நாலைந்து ஆடுகள், தங்கள் பேரில் பட்டா இருப்பது போல் நின்றுகொண்டிருந்தன. மஜீத்தின் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஐந்து மூட்டைகள், ஒரு தராசு, ஒரு நாற்காலி. நாற்காலியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஆள், வெள்ளை முண்டும் முழுக்கைச் சட்டையுமாக. மே மாதத்துப் புழுக்கத்தில் இரண்டு கையிலும் பொத்தான் போட்டிருந்தான்.

“வாங்க இத்தா. எந்தா வேணும்?” பாலக்காட்டுத் தமிழ்.

“மிளகு. மேல கிடக்கறது வேண்டாம். மூட்டைக்கு அடியில கைவிட்டு எடுங்க.”

மிளகு வியாபாரிகள் இதற்காகவே பிறந்தவர்கள். முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, மூட்டைக்குள் தோள்வரை இறங்கி, அள்ளி எடுத்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, தன் சரக்கைத் தானே புகழ்வார்கள். மஜீத் ஒரு தகரக் கரண்டியைத் தேடிப் பிடித்து, மேலாக வழித்து நீட்டினான். நீட்டியவன் தும்மினான். மறுபடி தும்மினான்.

“எத்தனை வருஷமா வியாபாரம்?”

“வாப்பா காலத்துல... ஹச்... இருந்தே, இத்தா. எட்டுப் பத்து... ஹச்...”

“மிளகு சேரலையோ?”

“இன்னிக்குக் கொஞ்சம் ஜலதோஷம்.”

சுலைஹா தெருப்பக்கம் திரும்பி, முக்காட்டைச் சரிசெய்தார். அது அருண்பாண்டிக்கான சைகை. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லவில்லை. ஏதாவது செய் என்பது மட்டும்தான் ஏற்பாடு.

மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று அவனைத் தாண்டிப் போனது. நியாயமாக ஒரு முழம் தள்ளித்தான் போனது. அருண்பாண்டி இரண்டு கையையும் தூக்கி, “அம்மா!” என்று அலறி, ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை உருண்டான். ஆடு ஒன்று மரியாதையாக விலகி வழிவிட்டது. வண்டிக்காரர் அவனுடைய முன்னோர்களை மலையாளத்தில் நினைவுகூர்ந்தார்.

பஜாரில் இப்படி ஒருவன் விழுந்தால் மனிதர்கள் மூன்று காரியம் செய்வார்கள். ஓடி வந்து தூக்குவார்கள், அல்லது வண்டிக்காரரை அடிப்பார்கள், அல்லது போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். மஜீத் இதில் எதையும் செய்யவில்லை. முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் தெருவுக்கு வந்தான். அருண்பாண்டிக்கு இரண்டடி தள்ளி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்து, ‘எழுந்திரு, எழுந்திரு’ என்று இரண்டு தடவை ஆட்டினான். அதே வேகத்தில் வலது கை சட்டைப்பைக்குப் போனது. இரண்டு விரல் உள்ளே நுழைந்து, அங்கிருந்த பால்பாயிண்ட் பேனாவைப் பாதி வரை உருவியது.

அங்கே கை நின்றது. பேனாவை யாரும் ஒரு மனிதனிடம் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவதில்லை என்று மூளை சொல்லியிருக்க வேண்டும்.

“அடிபட்டுச்சா?” என்றார் சுலைஹா, பின்னால் வந்து.

“தொட்டதே இல்ல இத்தா. சும்மா அபிநயம்.” சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான், “வண்டி தூரத்துல போச்சு, அதான்.”

“பந்தாட்டம் பாப்பீங்களோ?”

“பந்து வட்டமா சதுரமான்னே எனக்குத் தெரியாது.”

எழுதிக் கொடுத்த வாக்கியம், எழுத்து மாறாமல். சுலைஹாவின் கண் கீழே போனது. மடித்துக் கட்டிய முண்டுக்குக் கீழே மஜீத்தின் முட்டிகள் காய்ந்த புளி நிறம். முட்டிக்கு நாலு விரல் கீழே, கோடு போட்டதுபோல் கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்கியது. பாதம் வரை வெளுப்பு. செருப்புப் போட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறவனின் கால் அல்ல. முழங்கால் சாக்ஸ் போட்டு வெயிலில் நிற்கிறவனின் கால். வலது கெண்டைக்காலில் மாங்கொட்டை வடிவில் ஒரு தழும்பு. பைக் சைலன்சர் சுட்டது.

“கை அழுக்காயிடுச்சே, தம்பி,” என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார் சுலைஹா. “கழுவிக்கோங்க.”

மிளகுப் பொடியில் எரிந்த கை. யோசிக்காமல் இரண்டு கைப் பொத்தானையும் அவிழ்த்துச் சுருட்டினான். கழுவினான். சுலைஹா பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு நடந்தார்.

“முழங்கை சிராய்ச்சுப் போச்சு,” என்றான் அருண்பாண்டி பின்னால் நொண்டியபடி. “பாராட்டி ஒரு வார்த்தை?”

“அவன் பாராட்டிட்டான். உனக்கு மஞ்சள் அட்டை.”

“என்னது?”

“நடிச்சு விழுந்ததுக்கு. மைதானத்துல அதான் தண்டனை. அவன் கை நேரா பாக்கெட்டுக்குப் போச்சு, பார்த்தியா? அட்டை இருந்திருந்தா எடுத்தே இருப்பான். மிளகு வியாபாரி இல்லடா அவன். ரெஃப்ரி.”

அருண்பாண்டி நொண்டுவதை மறந்து நின்றான். “அப்ப நம்ம கேஸ் ஜெயிச்சாச்சு!”

ஆட்டோவில் ஏறியதும் சுலைஹா, வழியில் அலுவலகத்தில் எடுத்துக்கொண்ட ஃபைலை மடியில் திறந்து, கடைசிப் பக்கத்துப் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். அவர் முகம், நேற்றைய மத்தி மீன் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்ததுபோல் ஆனது.

“என்ன இத்தா?”

“கால்,” என்று ஃபைலை மூடினார்.

* * *

நடுவர் பேரவையின் கட்டடம் ஒரு மைதானத்தை ஒட்டி இருந்தது. மைதானத்தில் புல் இல்லை. புல்லுக்கான பணம் முழுக்கக் கட்டடத்தின் உள்ளே கண்ணாடிப் பெட்டிகளாக நின்றது. ஒரு பெட்டியில், வெல்வெட் மெத்தைமேல், தனி விளக்கு வெளிச்சத்தில் ஒரு விசில். ‘சர்வதேச நடுவர் கேசவ் அவர்கள் உபயோகித்தது.’ கேசவ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு சர்வதேச நட்பு ஆட்டத்தில் நான்காவது நடுவராக இருந்தவர். நான்காவது நடுவரின் வேலை, கோட்டுக்கு வெளியே நின்று எண் பலகையைத் தூக்கிக் காட்டுவது. அந்தப் பலகையும் பக்கத்துப் பெட்டியில் இருந்தது.

சுவர் நடுவே ஆளுயரப் படம். செம்மண் ஓடுபாதை, பின்னாலிருந்து ஓர் ஓட்டக்காரர், பரந்த தோள். ‘நாற்பத்தைந்து வயதிலும் நாற்பதுக்கு நாற்பது: நம் தலைவர்.’

“ஏன் இத்தா, இந்த ஊர் ரெஃப்ரிங்களுக்கு மூஞ்சியே கிடையாதா?” என்றான் அருண்பாண்டி. “ஆளாளுக்கு முதுகைத்தான் மாட்டியிருக்காங்க.”

சுலைஹா அவனை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். “நீ சில சமயம் தெரியாம வேலை செஞ்சிடற.”

நீள மேசையின் தலைப்பில் கேசவ். ஐம்பத்தைந்து வயது, சாயம் போட்ட மீசை, இடது கையில் தங்கக் கடிகாரம், எழுந்தால் கூடவே கொஞ்சம் தாமதமாக எழும் தொந்தி. ஒரு பக்கம் மாரிச்செல்வம். எதிர்ப்பக்கம் மஜீத், மறுபடி இரண்டு கையிலும் பொத்தான் போட்டு. அவனைப் பார்த்ததும் மாரிச்செல்வம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூலையில் லீக்கின் சார்பில் வந்த அதிகாரி விஷ்ணுப்ரியா, காக்கநாட்டு அலுவலகத்திலிருந்து, மடிக்கணினியும் கோயமுத்தூர்த் தமிழுமாக. கடைசிக் கையெழுத்து அவளுடையது.

“எண்ணூத்திப் பன்னிரண்டு ஆட்டம் நான் கண்ட்ரோல் செய்தது,” என்று கேசவ் தொடங்கினார். “நீதி! நீதின்னா எந்தாணு? ஒரு சுவாசம். அந்த சுவாசம் விசிலினுள்ளே போகும்போ...”

“சார், ஆஃப்டைம் உண்டுங்களா?” என்றான் அருண்பாண்டி.

விஷ்ணுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு, “சாட்சியைக் கேட்டுடலாங்க சார்,” என்றாள்.

மஜீத் ஒப்பித்தான். சாயாக்கடை, பொட்டலம், பந்து, வட்டம், சதுரம்.

சுலைஹா எழுந்தார். “ஒரே ஒரு கேள்வி. தம்பி, சட்டைக் கையை மடிச்சு விடுங்க.”

“எதுக்கு?”

“எதுக்கும் இல்ல. புழுக்கம்.”

மஜீத் கேசவைப் பார்த்தான். கேசவ் கூரையைப் பார்த்தார். விஷ்ணுப்ரியா, “மடிங்க,” என்றாள்.

மடித்தான். வெயில் கறுக்க வைத்த இரண்டு கைகளிலும், மணிக்கட்டைச் சுற்றி, விரலகலத்துக்கு வெள்ளை வளையம். இடது கையில் ஒன்று. வலது கையில் ஒன்று.

“ஒரு கையில வளையம் இருந்தா வாட்ச் கட்டறவங்க. ரெண்டு கையிலயும்?” சுலைஹா திரும்பினார். “மாரிச்செல்வம், உங்க கையைக் காட்டுங்க.”

மாரிச்செல்வம் காட்டினார். அதே இரண்டு வளையம்.

“ஒரு வாட்ச் நிக்காம ஓடும். இன்னொண்ணை ஆட்டம் நிக்கும்போதெல்லாம் நிறுத்தி வைப்பாங்க. ரெண்டு வாட்ச் கட்டிக்கிட்டு வெயில்ல நிக்கற ஜாதி உலகத்துல ஒண்ணுதான். இந்த மிளகு வியாபாரி போன வாரம்கூட எங்கயோ விசில் ஊதியிருக்காரு. பந்து எந்த வடிவம்னு தெரியாமயே.”

பிறகு கேசவ் எழுந்தார். தொந்தியும் எழுந்தது. இருபது வருடம் மைதானத்தில் இருந்தவர். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

“வஞ்சனை!” என்று மேசையைத் தட்டினார். “ஒரு கள்ளச் சாட்சி பேரவையைப் பறஞ்சு பற்றிச்சு, ஏமாத்திடுச்சு! இந்த நிமிஷம் புகாரைத் தள்ளியாச்சு! மாரி, எண்டெ சகோதரா, நீ தங்கம்!”

அலமாரியைத் திறந்தார். சால்வை தயாராக இருந்தது. இந்தப் பேரவையில் குடிதண்ணீர் இல்லாத நாள் உண்டு, சால்வை இல்லாத நாள் இல்லை. பத்து நிமிடம் முன்பு லஞ்சப் பேர்வழியாக இருந்தவரின் தோளில் அதைப் போர்த்தி, கட்டிப் பிடித்து, படம் எடுக்கத் தோதாகத் திரும்பியும் நின்றார். மாரிச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப நன்றி இத்தா. வாங்க, போலாம்.”

சுலைஹா வாசல்பக்கம் போகாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“ஒரு நிமிசங்க,” என்றாள் விஷ்ணுப்ரியா. “ஒரு ரெஃப்ரி இன்னொரு ரெஃப்ரி மேல எதுக்குங்க பொய் சாட்சி சொல்லணும்?”

மஜீத் மாரிச்செல்வத்தைப் பார்த்தான். மாரிச்செல்வம் சால்வையின் ஜரிகையைப் பார்த்தார்.

“மாரிச்செல்வம்,” என்றார் சுலைஹா. “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“இத்தா, கேஸ் முடிஞ்சது. நான் உங்க கட்சிக்காரன்.”

“காலைலயே சொன்னேன்ல.”

ஃபைலிலிருந்து பிப்ரவரிப் படத்தை உருவி மேசை நடுவே வைத்தார். எண் 11-இன் வலது கெண்டைக்காலில், மாங்கொட்டை வடிவில் ஒரு தழும்பு. “மஜீத் தம்பி, முண்டைக் கொஞ்சம் மடிச்சுக் கட்டுங்க.”

மஜீத் கட்டினான். அவனுக்குமே போதும் போதும் என்று ஆகியிருந்தது போல.

“ஆமா, நான்தான் ஓடினது,” என்றான். “மாரியேட்டனுக்கு முட்டி போச்சு. நாற்பது இல்ல, நாலு ஓட மாட்டாரு. நீ ஓடு, நம்பர் பதினொண்ணு போட்டுக்கோ, மேல்பார்வை நான்தான்னு கேசவ் சார் சொன்னாரு. ஓடினா லீக் லிஸ்ட்ல பேரு வரும்னாரு. ஓடினேன். பேரு வரல. அப்பறம் இந்தச் சாட்சியும் சொல்லு, உறப்பா, கட்டாயம் வரும்னாரு. எட்டு நாளா மிளகுல உட்காந்து மூக்கு கிழிஞ்சதுதான் மிச்சம்.”

“அபவாதம்!” என்றார் கேசவ். “எண்டெ முகத்தைப் பாருங்க! இது கள்ளம் பறயுற முகமா?”

“முகம் வேண்டாம் சார், முதுகைக் காட்டுங்க,” என்றான் அருண்பாண்டி, ஆளுயரப் படத்தை ஒரு தடவை, கேசவை ஒரு தடவை பார்த்தபடி.

மாரிச்செல்வம் சிரிக்கத் தொடங்கினார். நல்ல சிரிப்பு இல்லை அது. “அது என் முதுகு,” என்றார். “பத்து வருஷம் முன்னாடி. இவர் பேர்ல நான் ஓடினேன். அடுத்த மாசமே எனக்கு லீக் ஆட்டம் கிடைச்சுது. என் ஃபைல்ல உள்ள முதல் லீக் சர்டிபிகேட்டே அதுதான், இத்தா. இங்க இப்படித்தான் மேல வரணும். எல்லாரும் யாருக்காவது ஓடியிருக்கோம்.”

இரண்டரைக் கிலோ ஃபைல் மேசையில் கிடந்தது. எடுத்து வைக்க யாரும் கை நீட்டவில்லை.

“எனக்கு ஒண்ணுதான் விளங்கலீங்க,” என்றாள் விஷ்ணுப்ரியா. “கேசவ் சாருக்கு இவரை லஞ்சத்துல மாட்டிவிட்டு என்ன லாபம்?”

“நீங்கதான் காரணம்,” என்றார் சுலைஹா. “அந்தப் பெனால்டியை லீக் தோண்ட ஆரம்பிச்சா, ரெஃப்ரி ஏன் அவ்வளவு பின்னால நின்னாருன்னு கேக்கும். அப்புறம் ஓட்டத்துல பாஸாச்சான்னு கேக்கும். லஞ்சம்னா ஒரு ஆளோட போயிடும். ஓட்டம்னா பேரவையே போகும். அதனால நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு லஞ்சத்தைத் தயார் பண்ணி நீட்டிட்டார். இவரும் அதை உடைக்க என்னைக் கூப்பிட்டாரு, ஓட்டம் பக்கம் மட்டும் போயிடாதேன்னு.”

விஷ்ணுப்ரியா மடிக்கணினியை மூடினாள். “அந்தப் பெனால்டி, சார். உள்ளதைச் சொல்லுங்க.”

சால்வை தோளிலிருந்து நழுவியதை மாரிச்செல்வம் எடுக்கவில்லை.

“நான் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன், மேடம். அறுபது மீட்டர். முட்டி வரல. நடுவுல எட்டுப் பேர் முதுகு. ஒருத்தன் விழுந்தான். விழுந்தானா, விழுத்தினாங்களான்னு தெரியல. கேலரி கத்துச்சு. கத்தினதைக் கேட்டு ஊதிட்டேன்.”

“லஞ்சம் வாங்கியிருந்தாக்கூட கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்,” என்று முணுமுணுத்தான் அருண்பாண்டி. யாரும் அவனை அதட்டவில்லை.

கேசவ் குரலைத் தாழ்த்தினார். “மேடம், குடும்பத்துக்குள்ள ஒரு சின்ன விஷயம். மாரிக்கு முட்டி இப்ப ஓகே. நானே எழுதித் தரேன். நல்ல பையன்.”

“எழுத வேண்டாங்க.” விஷ்ணுப்ரியா எழுந்தாள். “வெளிய மைதானம் இருக்குது. மணி நாலு இருபது. மாரிச்செல்வம் சார், ஓடுங்க. நாற்பது முடிச்சா உங்க பேரு பட்டியல்ல இருக்கும், இதையே இந்த வருசத்துப் பரிசோதனைன்னு எழுதிக்கறேன். லஞ்சப் புகார் எப்படியும் பொய். முடியலைன்னா இல்லை. உங்க இஷ்டம்.”

நடுவர்கள் பையில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஐந்து நிமிடத்தில் மாரிச்செல்வம் டவுசரும் பூட்ஸுமாக வந்தார். வலது முட்டியில் தோல்நிறக் கட்டு. நான்கு செங்கல்லை வைத்து அளந்து, சுண்ணாம்பில் கோடு இழுத்தார்கள். விசில் தேடியபோது கேசவ் தன் சட்டைப்பையைத் தடவினார். அவருடையது கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, சாவி காவலாளியிடம் இருந்தது, காவலாளி லீவில் இருந்தார். கடைசியில் மஜீத் தன்னுடையதை எடுத்து விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்தான்.

முதல் ஐந்து ஓட்டம் நன்றாகவே இருந்தது. அந்த உடம்பில் ஒரு காலத்தில் ஓர் ஓட்டக்காரன் இருந்தது தெரிந்தது. எட்டில் வாய் திறந்துகொண்டது. பத்தில் வலது கால் தரையைத் தொடுவதற்கு முன் யோசித்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கில் கடைசி விநாடியில் கோட்டை மிதித்தார். நடக்க வேண்டிய இருபத்தைந்து மீட்டரை நொண்டினார்.

விசில்.

பதினைந்தாவது ஓட்டத்தில் கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது அந்த முட்டி மடங்கியது. விழவில்லை. குனிந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, நின்றார். பூட்ஸ் நுனிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் செம்மண்.

விஷ்ணுப்ரியா நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. அவள் கேசவைப் பார்த்தாள். அவர்தான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

“தொட்டாச்சு!” என்று கேசவ் கையைத் தூக்கினார். “பதினஞ்சு! ஞான் கண்டு! எழுதுங்க மேடம், பதினஞ்சு! நிமிரு மாரி, ஒரு நிமிஷம் ரெஸ்ட் எடுத்துட்டுத் தொடங்கு!”

“இல்ல,” என்றார் மாரிச்செல்வம்.

குனிந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து வேர்வை கோட்டுக்கு இந்தப் பக்கம் சொட்டியது.

“சும்மா இரு மாரி, தொட்டதை நான் பார்த்தேன்...”

“நான் கிட்ட நிக்கறேன், சார்.” வலது கையைத் தூக்கிக் கேசவை நிறுத்தினார். பிறகு அதே கையை விஷ்ணுப்ரியா பக்கம் நீட்டி, ஐந்து பேருக்கும் கேட்கும்படி சொன்னார். “தொடல. பதினாலுன்னு எழுதுங்க.”

அவள் பதினான்கு என்று எழுதினாள்.